தண்ணி தெரியிற மாதிரி ஒண்ணு

கல்யாணத்துக்கு முந்தின படம் எடுக்கத்தான்
முதலில் அந்தக் கண்மாய்க்குப் போனேன்.
ரிங் ரோட்டிலிருந்து இறங்கினால் கலுங்கு,
கலுங்கில் நின்று பார்த்தால்
கரைக்குக் கரை ஊதாப் பூ.
"லாவண்டர் தோட்டம் மாதிரியே இருக்குண்ணே" என்றாள் மணப்பெண்.
மாப்பிள்ளை ஷூவைக் கழற்றி
இலை மேல் ஒரு கால் வைத்தான்,
முழங்கால் வரை போய்விட்டு வந்தான்.
சிரித்தோம். அந்தச் சிரிப்புதான்
ஆல்பத்தின் அட்டை.

ராத்திரி கம்ப்யூட்டரில்
ஓரத்தில் கிடந்த லாரி ட்யூபை வெட்டப் போனபோது
அதற்குள் ஆள் இருப்பது தெரிந்தது.
இடுப்பு வரை பச்சை, கையில் அரிவாள்.
மீன் பிடிக்க வந்தவள்
புல் அறுப்பதுபோல் அறுத்து அறுத்து
வலை விரிக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.
வெட்டிவிட்டேன்.

பஞ்சவர்ணம் என்று பெயர்.
மூன்று வருஷ மீன்பாசி குத்தகை.
"ஒரு வருசம் மீனு, ரெண்டு வருசம் பாசி"
என்று அவளே சொல்லிக்கொள்வாள்.
"இதுக்கு ஆகாயத்தாமரைன்னு பேரு வச்சவன்
ஆகாயத்தையும் பாக்கல, தாமரையையும் பாக்கல."

பிறகு பதினேழு தடவை போனேன்,
யாரும் கூப்பிடாமல், யாரும் காசு தராமல்.
கண்ணாடித் தொட்டிக்குள் கேமராவை வைத்து
அவள் அறுத்த ஓட்டையில் இறக்கினேன்.
மேலே பூ. கீழே
மயிர் மயிராய்க் கறுப்பு வேர்,
பகல் பதினொரு மணி இருட்டு.
ஒரு ஜிலேபி வாயை மேலே தூக்கி
மூச்சுக்கு அல்லாடியது.
அதன் கண்ணில் ஃபோகஸ் நின்றது.
நல்ல படம் என்று நினைத்தேன்.
அப்படி நினைத்த நொடியை
எங்கே வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.

முக்குளிப்பான் வந்து நாலு வருசம் என்றாள்.
முங்க இடமில்லாத கண்மாயில்
முங்கிப் பிழைக்கிறதுக்கு என்ன வேலை.
ஆனால் இலைக்கோழி வந்தது.
அதற்கு இந்தப் பச்சைதான் தரை.
நீள நீள விரல்களைப் பரப்பி
கடன்காரனைக் கண்டவன்போல்
சத்தமில்லாமல் நடந்தது.
நாலு முட்டை, மசியால் கிறுக்கினது மாதிரி.
அடைகாப்பது சேவல்.

ஆவணியில் ஜேசிபி வந்தது.
மூன்று வருஷமாய் மனுக் கொடுத்தவள்
கரையில் நின்று கைதட்டினாள்.
இரும்புக் கை இறங்கி அள்ளி எழும்ப
வேரெல்லாம் ஒழுகியது, நத்தைகள் உதிர்ந்தன,
குவியலின் உச்சியில்
முட்டை மேல் சேவல்,
எழாமல்.
ஷட்டரை அழுத்தினேன்.
ஆபரேட்டருக்கு என் குரல் கேட்டிருக்காது என்று
பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.
நான் கத்திப் பார்க்கவில்லை என்பதை
யாரிடமும் சொல்லவில்லை.

தல்லாகுளத்தில் ஒரு ஹாலில் இருபத்தாறு படம் மாட்டினேன்.
விற்றது ஒன்று:
ஊதாப் பூ, ஆள் இல்லாதது,
பைபாஸ் ரோட்டு ஹோட்டலின் வரவேற்பறைக்கு.

பஞ்சவர்ணம் வந்திருந்தாள், மகளின் செருப்பில்.
ஜேசிபி படத்தின் முன் ரொம்ப நேரம் நின்றாள்.
"நான் கைதட்டினது இதுல கேக்குதா தம்பி?"
கேட்காது என்றேன்.
தலையாட்டிவிட்டுச் சுவர் முழுக்க நடந்து
திரும்பி வந்து கேட்டாள்:
"எல்லாஞ் சரி.
தண்ணி தெரியிற மாதிரி ஒண்ணு இல்லையா,
வீட்ல மாட்ட?"

மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல்.
கடைசியில் கிடைத்தது முதல் நாள் வெட்டின ஓரத்தில்.
ட்யூபுக்கும் அரிவாளுக்கும் நடுவே
தாம்பாள அகலத்துக்குத் தண்ணீர்.
ஃபோகஸ் கொஞ்சம் தப்பியிருந்தது.

சட்டம் போட்டுக் கொண்டுபோன அன்றைக்கு
ஜேசிபி போய் நாற்பது நாள்.
கலுங்குப் பக்கம் உள்ளங்கை அளவு இலைகள்
இரண்டிரண்டாய் மிதந்தன.
அவள் குனிந்து அவற்றைப் பிடுங்கிக் கரையில் எறிந்தபடி,
நிமிராமல் சொன்னாள்:
"கை ஈரமா இருக்கு.
அங்கிட்டு வையி, அந்த ட்யூப் மேல."